நீச்சல், சைக்கிள், ஓட்டம்... நடுவில் வேலைக்கும் போகணுமே!

பாஞ்சாலங்குறிச்சிக்கு ஓட்டம் புதிதல்ல. முயலே வேட்டை நாயைத் திருப்பி விரட்டிய மண் என்று ஊர்ப்பெருமை பேசுகிற இடம் அது. ஆண்டுதோறும் மே மாதம் வீரசக்கதேவி ஆலயத் திருவிழா வந்துவிட்டால், பல ஊர்களிலிருந்தும் இளைஞர்கள் தொடர் ஜோதி ஏந்தி ஓடியே வருவார்கள். அக்னி நட்சத்திர வெயில், கரிசல் காட்டு அனல், உருகும் தார்ச்சாலை. ஆனாலும் ஓட்டம் நிற்காது. ஒருவர் களைத்தால் ஜோதி அடுத்தவர் கைக்கு மாறும்.

அந்த ஓட்டம் ஆண்டுக்கு ஒரு முறை. வாரா வாரம் ஓட வேண்டும், கூடவே நீந்த வேண்டும், சைக்கிளும் மிதிக்க வேண்டும், திங்கட்கிழமை காலையில் வேலைக்கும் போய் நிற்க வேண்டும் என்றால்?

அதுதான் டிரையத்லான் ஆசையில் விழுந்தவர்களின் கதை. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து முடிக்கும் போட்டி இது. குறுந்தூரப் போட்டியான ‘ஸ்பிரின்ட்’டில் 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். 2000-ம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்குக்குள் நுழைந்தபோது வைத்த தூரம் 1.5 கி.மீ., 40 கி.மீ., 10 கி.மீ. ‘அயர்ன்மேன் 70.3’ என்றால் 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். முழு அயர்ன்மேன் அதைப்போல இரு மடங்கு.

2019 அக்டோபரில் கோவாவில் அயர்ன்மேன் 70.3 முதன்முறையாக நடந்த பிறகு, இந்தப் போட்டிக்காக வெளிநாடு போக வேண்டிய அவசியம் குறைந்தது. 2024-ல் பெங்களூரு தெற்கு எம்.பி. தேஜஸ்வி சூர்யா அதை முடித்தார். 2025 நவம்பரில் தமிழக பா.ஜ.க-வின் முன்னாள் தலைவர் அண்ணாமலை முடித்தார். உடற்பயிற்சிக்குக் கட்சி பேதமில்லை. 2021-ல் தமிழகத்தின் சுகாதாரத்துறை அமைச்சரான தி.மு.க-வின் மா.சுப்பிரமணியன், நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடியவர். 2021 முதல் 2023 வரை தமிழகக் காவல்துறைத் தலைவராக இருந்த சைலேந்திர பாபு, நெடுந்தூர சைக்கிள் பயணங்களுக்குப் பெயர்போனவர்.

“அவங்களுக்கெல்லாம் முடியும். நமக்கு நேரம் எங்க இருக்கு அண்ணாச்சி?”

கோவில்பட்டிப் பக்கம் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் வரும் பதில் இதுதான். நியாயமான கேள்வி. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுபவர், வங்கியில் கவுன்டரில் உட்கார்பவர், பள்ளி ஆசிரியை, கடலைமிட்டாய்க் கடைக்காரர் இவர்களுக்கெல்லாம் நேரம் எங்கிருந்து வரும்?

வேலை முடிந்து பிறந்த போட்டி

இந்த விளையாட்டின் பிறப்பையே பார்த்தால் ஒரு விஷயம் புரியும். இது முழுநேர வீரர்கள் கண்டுபிடித்த விளையாட்டே அல்ல.

1974 செப்டம்பர் 25. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் மிஷன் பே என்ற கடற்கரைப் பகுதி. உள்ளூர் ஓட்டக்காரர்கள் சங்கம் ஒன்று நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் கலந்து ஒரு போட்டி வைத்தது. அன்று என்ன கிழமை தெரியுமா? புதன்கிழமை. வேலை நாள். அதனால் மாலையில்தான் தொடங்கினார்கள். கடைசி ஆட்கள் முடிக்கும்போது இருட்டிவிட்டது.

அதில் கலந்துகொண்டவர்களில் ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் அவர் மனைவி ஜூடியும் உண்டு. பிறகு ஹவாய்க்கு மாற்றலான அந்தத் தம்பதிதான், ‘நீச்சல்காரர் பெரியவரா, சைக்கிள்காரர் பெரியவரா, ஓட்டக்காரர் பெரியவரா’ என்ற வாதத்தைத் தீர்க்க அயர்ன்மேன் போட்டியை உண்டாக்கியது. 1978 பிப்ரவரி 18-ல் நடந்த முதல் போட்டியில் கிளம்பியது 15 பேர். முடித்தது 12 பேர். முதலில் வந்த கார்டன் ஹாலர் எடுத்துக்கொண்டது 11 மணி 46 நிமிடம். காலின்ஸுக்குச் சுமார் 17 மணி நேரம் ஆனது. இரண்டாவதாக வந்த ஜான் டன்பாருக்கு வழியில் தண்ணீர் தீர்ந்துபோய், உடன் வந்தவர்கள் பீர் கொடுத்ததாகச் சொல்வார்கள். அந்த அளவுக்கு விவரம் தெரியாத, ஆர்வம் மட்டுமே நிறைந்த கூட்டம் அது.

நம் நாட்டிலும் மிலிந்த் சோமன் 50 வயதை எட்டும் நேரத்தில்தான், 2015-ல் சூரிச்சில் முழு அயர்ன்மேனை முடித்தார். எடுத்துக்கொண்டது 15 மணி நேரத்துக்கும் மேல். முதலிடம் பிடிப்பது அமெச்சூர்களின் கவலையே இல்லை. முடிப்பதுதான் கணக்கு.

168 மணி நேரக் கணக்கு

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். கோவில்பட்டியில் வாரம் ஆறு நாள், தினம் 9 மணி நேரம் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வேலைக்கு 54 மணி. போக வர 6 மணி. தினம் 7 மணி நேரத் தூக்கம் என்றால் 49 மணி. ஆக 109 மணி போய்விட்டது. மிச்சம் 59.

குளியல், சாப்பாட்டுக்கு தினம் இரண்டரை மணி நேரம் கழித்தால் கையில் நிற்பது சுமார் 41 மணி நேரம். இதில்தான் பிள்ளைகளின் வீட்டுப்பாடம், ரேஷன் கடை, கல்யாணம், சடங்கு, கேதம், கோயில் கொடை எல்லாம் அடங்க வேண்டும்.

ஸ்பிரின்ட் போட்டியை நல்லபடியாக முடிக்க வாரம் ஆறு மணி நேரப் பயிற்சி போதும். 41-ல் ஆறு. அதாவது ஏழில் ஒரு பங்கு. அரை அயர்ன்மேன் என்றால் இது பத்து மணி நேரத்தையும் தாண்டும். அப்போது நான்கில் ஒரு பங்கு. ஆகவே எடுத்த எடுப்பில் கோவாவுக்குப் பெயர் கொடுப்பதைவிட, ஒரு வருடம் ஸ்பிரின்ட் தூரத்தோடு நிற்பது குடும்பத்துக்கும் நல்லது, முழங்காலுக்கும் நல்லது.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பதே வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி. ஆறு மணி நேரம் என்பது அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். அளவுக்கூலிக்கு வேலை செய்பவருக்கு ஒரு மணி நேரம் என்பது ஒரு மணி நேரத்துக் காசு. நாள் முழுக்கக் களை எடுத்தவருக்கும் மூட்டை தூக்கியவருக்கும் உடம்பு ஏற்கெனவே பயிற்சி முடித்திருக்கிறது. அவர்களுக்கு மாலையில் தேவை ஓட்டம் அல்ல, ஓய்வு. உடலுழைப்பும் பயிற்சிக் கணக்கில் சேரும்.

கரிசல் காட்டில் எப்படி?

இந்த வட்டாரத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. மானாவாரிக்காரருக்கு ஓய்வு கிடைப்பது அறுவடை முடிந்த கோடையில். அப்போது வெயில் ஆளைச் சுட்டுவிடும். வானம் குளிரும் புரட்டாசி, ஐப்பசியிலோ உளுந்தும் பாசியும் விதைக்கிற அவசரம். தீபாவளி நெருக்கத்தில் கடைவீதிகளிலும் பட்டாசுத் தொழிலிலும் மூச்சுவிட நேரமிருக்காது. கோவாப் போட்டி நடப்பதும் அதே அக்டோபர், நவம்பரில்தான்! எனவே, தனக்கு எந்த மாதம் வேலை குறைவு என்று பார்த்து, அதற்குத் தகுந்த போட்டியைத் தேர்ந்தெடுப்பதே முதல் வேலை. வேலை நெருக்கும் மாதங்களில் பயிற்சியைப் பாதியாகக் குறைத்துவிடலாம். கட்டிய உடம்பு ஒரு மாதத்தில் கரைந்துவிடாது.

*ஓட்டம்:* கோடையில் கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக்கிடக்கும். விடியுமுன் அதில் ஓடினால் கணுக்கால் பிசகும். மழை பெய்தாலோ மண் செருப்பில் அப்பிக்கொண்டு காலைத் தூக்கவிடாது. பள்ளி மைதானமோ, போக்குவரத்து குறைந்த கிராமத்துத் தார்ச்சாலையோ நல்லது. சாலையில் ஓடும்போது வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி ஓட வேண்டும். பெரும்பாலான ஓட்டம் பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில் இருந்தால் போதும். முழு வாக்கியம் பேச முடியவில்லையா? வேகம் அதிகம்.

*சைக்கிள்:* வேலைக்குப் போய்வருவதே பயிற்சியாக மாறக்கூடியது இது ஒன்றுதான். போக அரை மணி, வர அரை மணி. தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. ஸ்பிரின்ட் தூரத்துக்கு லட்ச ரூபாய் சைக்கிள் வேண்டாம். பிரேக் நன்றாகப் பிடிக்கிற எந்த சைக்கிளும் போதும். ஹெல்மெட் கட்டாயம். பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம். நான்குவழிச் சாலை வழவழவென்று ஆசை காட்டும். ஆனால், அதிகாலையில் தூக்கக் கலக்கத்தோடு லாரிகள் வரும் சாலை அது. கிராமச் சாலைகளே பாதுகாப்பு. அங்கே எதிரி வேலிக்கருவை முள். மாற்று ட்யூபும் காற்றடிக்கும் பம்பும் பையில் இல்லாமல் கிளம்பினால், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஆபீஸுக்குத் தாமதமாகப் போக வேண்டியிருக்கும்.

*நீச்சல்:* இதுதான் கரிசல்காரர்களுக்குக் கஷ்டம். பம்புசெட் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர்கள் இங்கே அநேகம். ஆனால், கிணற்று நீச்சல் வேறு, 750 மீட்டர் நீச்சல் வேறு. கிணற்றில் தலையைத் தூக்கியபடியே நீந்திப் பழகியிருப்பார்கள். அப்படி நீந்தினால் இடுப்பு தாழ்ந்து, 100 மீட்டரிலேயே மூச்சு முட்டும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை விடவும், தலையைப் பக்கவாட்டில் திருப்பி மூச்சை இழுக்கவும் பழக வேண்டும். பலத்தைவிடப் பழக்கம்தான் இதில் முக்கியம்.

அதற்குப் பயிற்சியாளர் உள்ள குளம் வேண்டும். உள்ளூரில் அது இல்லாவிட்டால் வெளியூர் போக வேண்டியிருக்கும். வாரா வாரம் முடியாதவர்கள், விடுமுறையைச் சேர்த்து எடுத்துப் பத்து, பதினைந்து நாள் தொடர்ச்சியாகக் கற்றுக்கொள்வது பலன் தரும். மாதம் ஒரு முறை போய் வருவதைவிட அது மேல். கற்ற பிறகு மறக்காமல் இருக்க மாதம் இரண்டு ஞாயிறு போதும். கண்மாயிலும் கிணற்றிலும் கடலிலும் தனியாக இறங்கவே கூடாது. மழைக்காலக் கண்மாயில் அடியில் இருக்கும் சேறும் முள்ளும் மேலிருந்து பார்த்தால் தெரியாது. எத்தனை வருடப் பழக்கம் என்றாலும், கரையில் நீச்சல் தெரிந்த ஓர் ஆள், மிதக்க ஒரு ட்யூப், ஒரு கயிறு இந்த மூன்றும் இல்லாவிட்டால் அன்றைக்கு நீச்சல் வேண்டாம்.

ஒரு வாரம் எப்படி இருக்கும்?

திங்கள்: முழு ஓய்வு.
செவ்வாய்: காலையில் 40 நிமிடம் மெதுவான ஓட்டம்.
புதன்: வேலைக்கு சைக்கிள். போக வர 60 நிமிடம்.
வியாழன்: 40 நிமிட ஓட்டம். நடுவில் சில நிமிடங்கள் மட்டும் வேகம்.
வெள்ளி: மீண்டும் வேலைக்கு சைக்கிள், 60 நிமிடம்.
சனி: வீட்டிலேயே 20 நிமிடம் தண்டால், பஸ்கி, வயிற்றுப் பயிற்சி.
ஞாயிறு: இரண்டரை மணி நேரம். ஒரு வாரம் நீச்சல், மறு வாரம் நீண்ட சைக்கிள். அதிலிருந்து இறங்கியதும் 15 நிமிட ஓட்டம்.

மொத்தம் ஆறு மணி பத்து நிமிடம். திங்கட்கிழமையை யாரும் தொடக் கூடாது. சைக்கிளிலிருந்து இறங்கி உடனே ஓடும்போது கால் இரண்டும் மரக்கட்டைபோல் இருக்கும். போட்டி நாளில் முதன்முறையாக அதை உணர்ந்தால் பயம் வரும். முன்பே பழகியிருந்தால், ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும் என்று உடம்புக்குத் தெரியும்.

ஒரு நாள் தவறிவிட்டதா? விட்டதுதான். ‘செவ்வாய்க்கிழமை பாக்கி’ என்று புதன்கிழமை சேர்த்து ஓடுவதுதான் காயத்துக்கு வழி. பயிற்சியில் கந்துவட்டி கிடையாது. விட்டதை விட்டுவிட்டு, அடுத்த நாளில் உள்ளதை மட்டும் செய்தால் போதும்.

அந்த ஆறு மணி நேரம் யாருடையது?

இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படாத பகுதி இதுதான். காலை ஐந்து மணிக்கு வீட்டுக்காரர் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினால், அந்த நேரத்தில் தண்ணீர் பிடிப்பது யார்? பால் வாங்குவது யார்? பிள்ளையை எழுப்பிப் பள்ளிக்குத் தயார் செய்வது யார்? ஞாயிற்றுக்கிழமை காலையில் கறி வாங்கி வருவது யார்? பயிற்சி நேரம் வானத்திலிருந்து விழுவதில்லை. பெரும்பாலும் வீட்டில் இன்னொருவர் நேரத்திலிருந்துதான் வருகிறது. அந்த இன்னொருவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால்தான் பல பேருடைய டிரையத்லான் ஆசை முழங்கால் வலியால் நிற்பதில்லை. வீட்டுச் சண்டையால் நிற்கிறது. அல்லது, சண்டைகூடப் போடாமல் ஒருவர் உள்ளுக்குள் சலித்துக்கொண்டே சுமப்பதில் முடிகிறது. இரண்டாவது இன்னும் மோசம்.

பெண்களின் நிலைமை இன்னும் தெளிவு. இந்த வட்டாரத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர் டிரையத்லானுக்குத் தயாராக நினைத்தால், அவருக்கு முதலில் தேவைப்படுவது சைக்கிள் அல்ல. காலை ஐந்து முதல் ஆறு வரை அடுப்படியை ஏற்றுக்கொள்ள ஓர் ஆள். அதன்பிறகு, இருட்டில் தனியாகப் போகாமல் கூட ஓட ஒரு துணை. இந்த இரண்டும் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

தொடர் ஜோதியை எந்த ஒருவரும் தனியாகக் கடைசிவரை தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. குடும்பத்திலும் அதே முறைதான் சரிப்படும். இதை வாய்ப்பேச்சாக விடாமல் காலண்டரில் எழுதுவது நல்லது. செவ்வாய், வியாழன் காலை அவருக்கு என்றால், திங்கள், புதன் காலை இவருக்கு. அந்த இரண்டு நாளும் அடுப்படியும் பிள்ளைகளும் அவர் பொறுப்பு. இவர் ஓடலாம், நடக்கலாம், தையல் வகுப்புக்குப் போகலாம், இல்லை இன்னும் ஒரு மணி நேரம் தூங்கலாம். அது அவர் இஷ்டம். போட்டிக்கு ஆகும் செலவையும் முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிட வேண்டும். பதிவுக் கட்டணம், பயணம், தங்குமிடம் எல்லாம் சேர்ந்தால் பள்ளிக் கட்டணத்தோடு மோதக்கூடிய தொகை அது.

ஆபீஸிலும் கொஞ்சம் ஒளிவுமறைவின்மை உதவும். போட்டி நாளுக்கான விடுப்பை ஆறு மாதம் முன்பே கேட்டுவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை. முந்தின நாள் நான்கு மணி நேர சைக்கிள் ஓட்டிவிட்டுத் திங்கட்கிழமை கவுன்டரில் உட்கார்ந்து கொட்டாவி விட்டால், அடுத்த விடுப்புக்குச் சிக்கல்தான்.

உடம்பு சொல்வதைக் கேட்கணும்

நேரம் போதாதவர்கள் முதலில் கைவைப்பது தூக்கத்தில். அங்கேதான் எல்லாம் கெடும். பயிற்சியின்போது உடம்பு தேய்கிறது. தூங்கும்போதுதான் பலம் ஏறுகிறது. இரவு 12 மணிவரை கைப்பேசி பார்த்துவிட்டு 4.30-க்கு எழுந்து ஓடுவது பயிற்சியே அல்ல. ராத்திரி தூக்கம் ஆறு மணி நேரத்துக்கும் குறைந்தால், அன்று காலை ஓட்டத்தை விட்டுவிடலாம்.

எழுந்தவுடன் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட அதிகமாக இருப்பது, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவது, படுத்தாலும் தூக்கம் வராதது இவையெல்லாம் அளவு மீறிவிட்டதன் அடையாளம். எரிந்து விழுவதை மட்டும் வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். அவர்கள் சொன்னால் கேட்க வேண்டும்.

வெயிலுக்கு உடம்பு பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். கோடை தொடங்கியதும் வேகத்தையும் நேரத்தையும் குறைத்துப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். ஓடும்போது தலைசுற்றல், குமட்டல் வந்தால் நிழலில் உட்கார வேண்டும். பேச்சு குழறினால், நினைவு தடுமாறினால் அது ஆபத்து. உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்து, 108-ஐ அழைக்க வேண்டும்.

தாகம் என்று வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பதும் தவறு. ரத்தத்தில் உப்புச் சத்து குறைந்து மயக்கம் வரலாம். உப்புப் போட்ட மோர், நீராகாரம், கம்மங்கூழ் எல்லாம் இந்த மண்ணிலேயே இருக்கிற மருந்து. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் பயிற்சியில், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய் கையில் இருக்கிறதே என்று தோன்றும். பயிற்சி முடிந்த பிறகு அது அருமை. ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும், கடலையில் உள்ள கொழுப்பு செரிக்க நேரமாகும். அந்த நேரத்துக்கு வாழைப்பழமோ பேரீச்சையோ சுலபம்.

40 வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், குடும்பத்தில் சிறு வயதிலேயே மாரடைப்பு வந்தவர்கள் உள்ள வீட்டார், மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் பயிற்சியின் நடுவே சர்க்கரை இறங்கிவிடாமல் இருக்க என்ன செய்வது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். பயிற்சியில் நெஞ்சு அடைத்தாலோ இடது கை, தாடை வலித்தாலோ, ‘வாயுவாக இருக்கும்’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் ஷூ வாங்கும் முன் ஒரு தாளை எடுத்து, வாரத்தின் 168 மணி நேரத்தையும் எழுதிப் பார்க்கலாம். பயிற்சிக்கென்று குறிக்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பக்கத்தில், அந்த நேரத்தில் வீட்டு வேலையை யார் பார்ப்பார்கள் என்ற பெயரையும் எழுத வேண்டும். எழுதிய தாளை அந்தப் பெயருக்கு உரியவரிடம் காட்டிச் சம்மதம் கேட்க வேண்டும்.

அவர் தலையசைத்த பிறகு ஷூ வாங்கலாம்.